கொட்டாயில் நான் போட்ட சத்தம்

அந்த நாளில் ஹோட்டலைக் காட்டுகிற சினிமா எது வந்தாலும் நான் விடமாட்டேன். சாமி படம், அதை விட்டால் ஹோட்டல் படம். வேறு எதற்கும் போனதில்லை.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு சைவ ஹோட்டலில் நான் சரக்கு மாஸ்டராக இருந்தேன். குழம்பு, ரசம், பலகாரம் எல்லாம் என் கைப்பொறுப்பு. படத்தில் வருகிற சமையற்கட்டு கல்யாண மண்டபம் மாதிரி விசாலமாக இருக்கும். புகை இருக்காது. சமையல்காரன் என்றால் தொந்தியைக் குலுக்கிக்கொண்டு வருவான், கரண்டியால் அடி வாங்குவான், பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொள்வான், ஜனம் சிரிக்கும். எங்கள் அடுப்படியில் நாலு விறகு அடுப்பு, ஒரே ஒரு ஜன்னல். மேலே பனியன்கூடப் போட முடியாது. இதெல்லாம் தெரிந்தும் ஏன் போனேன் என்றால், திரையில் ஒருத்தன் கரண்டியும் கையுமாக நிற்கும்போது நம்ம ஆள் ஒருத்தன் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதற்கு எனக்கு வெளியே யாரும் இல்லை.

என் மனைவி போய்ச் சேர்ந்தபோது பெண்ணுக்கு மூன்று வயசு. ஹோட்டல்காரனுக்கு ஹோட்டலேதான் வீடு. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுக்கிறவன் குழந்தையை எங்கே வைத்து வளர்ப்பது? திருவொற்றியூரில் இருந்த மனைவியின் அக்கா வாங்கிக்கொண்டார்கள். அமாவாசைக்கு அமாவாசை எனக்கு லீவு. வடிவுடையம்மனைச் சேவித்துவிட்டு, விபூதிப் பொட்டலத்தோடு பெண்ணைப் பார்க்கப் போவேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்க்கும். பழகுகிற நேரத்தில் எனக்குப் புறப்படுகிற நேரம் வந்துவிடும். ஊரார் எத்தனையோ பேர் என் கையால் சாப்பிட்டார்கள். அது ஒரு வாய் சாப்பிட்டு வளரவில்லை.

பெண்ணுக்கு எண்ணூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் தொழிற்சாலையில் வேலை, அவன் அப்பாவும் அங்கேயே பாய்லர் பார்க்கிறவர். நல்ல குடும்பம். பேச்செல்லாம் முடிந்த பிறகுதான் மனைவியின் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள்.

"ஓட்டல்ல ஆக்குறவருன்னா வூடு வாசல் இல்லாதவரு, அடுத்தவன் எச்சில் எலைக்கு நிக்கிறவருன்னு நெனைப்பாங்கோ, தம்பி. நீ கிடங்குல கணக்கு எயுதுறன்னு சொல்லிக்கீறேன். நீ ஒண்ணும் பொய் சொல்ல வாணாம். வாயத் தொறக்காத இரு, அது போதும்."

"பொண்ணுக்குத் தெரியுமாக்கா?"

"அதுதான் சொல்லச் சொல்லிச்சு, தம்பி."

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அம்மன் சந்நிதியில் நின்று, "தாயே, நான் பொய் சொல்லவில்லை, சொன்னவர்களை மறுக்கவில்லை, அவ்வளவுதான்" என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். அவளுக்கா தெரியாது.

கல்யாணத்தன்று எலுமிச்சம்பழமும் சீயக்காயும் போட்டு, முழங்கை வரைக்கும் பெருங்காய வாசனை போகத் தேய்த்துக் குளித்தேன். ஒரு பேனா வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். அதில் மைகூட ஊற்றவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தாலி ஏறிவிட்டது.

அடுத்த தை மாசம் பெண் முழுகாமல் இருப்பதாகச் சேதி வந்தது. ஒருநாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு எண்ணூருக்குப் போனேன். சம்பந்தி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சம்மந்தி. நல்ல நாளா பாத்து வந்துகீறீங்க. கொட்டாய்ல புதுப் படம். முச்சூடும் ஓட்டல்லயே நடக்குதாம். சிரிச்சி சிரிச்சி வயிறு நோவுதுன்றானுங்க."

தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். "நாள் முச்சூடும் கணக்கு எயுதுனா தலை நோவாம இன்னா பண்ணும்? வாங்க, சிரிச்சா போய்டும்" என்று இழுத்துக்கொண்டு போனார். சம்பந்தியம்மாளும் என் பெண்ணும் கூடவே வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு மாலை ஷிப்ட்.

டெண்டுக் கொட்டாயில் மணல்தான் ஆசனம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். நானும் சம்பந்தியும் அந்தச் சுவரோரமாக உட்கார்ந்தோம். படத்தில் வந்த சமையல்காரன் வழக்கம்போலத்தான் இருந்தான். சம்பந்தி என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா சம்மந்தி, ஓசில துன்னு துன்னு எப்டி ஊதிக்கீறான்." நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் சந்தேகம் வருமே. அப்படிச் சிரிக்கும்போது பக்கத்தில் மனுஷர் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோகிறது. கிணற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு சிரிப்பது மாதிரி இருந்தது.

பிறகு ஒரு கட்டம். சமையல்காரன் காய்ச்சலில் படுத்துவிடுகிறான். கதாநாயகன் தோசைக்கல் முன்னால் வந்து நிற்கிறான். கல்லைப் பெரிசாகக் காட்டினார்கள், திரை முழுக்கக் கல்தான். நன்றாகக் காய்ந்து புகைகிறது. அந்த ஆள் அதில் எண்ணெயை ஊற்றுகிறான், உடனே மாவைக் கரண்டியில் எடுக்கிறான்.

தோசைக்கல் அவ்வளவு காய்ந்திருந்தால் முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈர்க்குத் துடைப்பத்தால் ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். பிறகுதான் மாவு. எண்ணெய்மேல் ஊற்றினால் மாவு பரவாது, கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். எங்கள் அடுப்படியில் ஒரு பழக்கம் உண்டு. கல்லடியில் நிற்கிறவன் கை தவறினால் கிட்டே போய்ச் சொல்ல நேரமிருக்காது. மாஸ்டர் எங்கே நின்றாலும் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுக்க வேண்டும். அடுப்பு இரைச்சலைத் தாண்டி அது அவன் காதில் விழ வேண்டும், அவன் கை அப்படியே நிற்க வேண்டும். இருபது வருஷப் பழக்கம். அது என்னைக் கேட்டுக்கொண்டா வரும்?

"டேய், கல்லு காயுதுடா. தண்ணி தெளி. தொடச்சிட்டு ஊத்து."

படத்தில் அந்த நேரம் பார்த்துப் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. கொட்டாய் முழுக்கக் கேட்டது. பிறகு பின்னாலிருந்து ஒருத்தன், "மாஸ்டரே, நமக்கு ரெண்டு ரோஸ்ட்டு" என்றான். "சட்னி கெட்டியா ஊத்து நைனா" என்றான் இன்னொருத்தன். கொட்டாயே சிரித்தது. சம்பந்தி மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முருகா, முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று தெரியாது.

படம் விட்டு நாலு பேரும் மணலில் நடந்தோம். சம்பந்தி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு முன்னால் போனார். அவருக்கு விளங்கியதா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சம்பந்தியம்மாள்தான் கேட்டார்கள்.

"இன்னா சம்மந்தி, ஓட்டல் மாஸ்டரு மாதிரி ஒரு அதட்டு அதட்னீங்க? நானே பயந்துகினேன்."

உள்ளதைச் சொல்லிவிடலாம், பாரம் இறங்கிப் போகும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குள் என் பெண் முந்திக்கொண்டது.

"அது இல்ல அத்தே. எங்கம்மா போனதுலேர்ந்து நைனா தனியாத்தான் ஆக்கித் துன்றாரு. கிடங்குலேர்ந்து வந்து அவரே அடுப்பு மூட்டணும், அவரே தோசை ஊத்தணும். அதான் எல்லாம் தெரியும் அவருக்கு."

குரல் நடுங்கவேயில்லை. எத்தனையோ நாளாகத் தயார் செய்து வைத்திருந்த பதில் மாதிரி இருந்தது. சம்பந்தியம்மாள் நின்றுவிட்டார்கள்.

"அய்யோ பாவமே. ஆம்பள ஒண்டியா அடுப்பண்ட நின்னுகினு கெடக்குறாரா? இத்தினி நாளா சொல்லவே இல்லையே நீ."

அன்று அங்கேயே தங்கினேன். காலையில் முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது என் பெண் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றது. நான் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன். அது தலையைக் குனிந்துகொண்டே பேசியது.

"உன்ன வராதன்னு சொல்லல நைனா. நீ வந்தா எனக்கு பயமா கீது."

"சரிம்மா" என்றேன். அது கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அந்தச் சின்ன வயிற்றையும் முகத்தையும் பார்த்தபோது, உள்ளதைச் சொல்லிப் பாரம் இறக்கலாம் என்று நினைத்தேனே, யார் தலையில் இறக்கப் பார்த்தேன் என்று உறைத்தது.

புறப்படும்போது சம்பந்தியம்மாள் ஒரு தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். "நீங்க மீனு துன்ன மாட்டீங்கன்னு கத்திரிக்கா போட்டு கொழம்பு வெச்சிக்கீறேன். சோறும் கீது. இன்னிக்கி ஒரு நாளாவது அடுப்பு மூட்டாம இருங்க சம்மந்தி."

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஹோட்டலுக்குக் கொண்டுபோனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதனால் ராயபுரத்தில் இறங்கி, கடற்கரைப் பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து திறந்தேன். புளி பச்சை வாசனை போகக் கொதிக்கவில்லை, உப்பு ஒரு கல் அதிகம். என் மனைவி போனதிலிருந்து எனக்கென்று நினைத்து யாரும் உலை வைத்ததில்லை. அந்த அம்மாள் இரக்கப்பட்டதும் எனக்காக இல்லை. கிடங்கில் கணக்கெழுதிவிட்டு, ஆக்கிப்போட ஆளில்லாமல் திரும்புகிற ஒருவருக்காக. அவருடைய சோற்றைத்தான் நான் சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

தூக்கைக் குழாயடியில் கழுவி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு உலை வைக்கப் போனேன்.