மடியில் வந்த கம்ப்யூட்டர்

கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகும் பஸ்ஸில், கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார் என் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா. ஒவ்வொரு வேகத்தடையிலும் அதைக் குழந்தையைப் போலத் தட்டிக்கொடுத்தார்.

"லக்கேஜ் டிக்கெட் எடும்மா" என்றார் கண்டக்டர்.

"என் மடிக்கு இன்னாத்துக்குய்யா டிக்கெட்டு?"

கண்டக்டர் நகர்ந்துவிட்டார்.

எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்த ஒரே வேலை தூசி தட்டுவது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "இன்னாங்க ஆச்சு?" என்றேன்.

"வைரஸுங்க. ஜாக்கெட்டுக்குப் போடற எம்பிராய்டரி டிசைன் மொத்தத்தையும் எவனோ பூட்டிட்டான். காசு குடுத்தாத்தான் தெறப்பானாம். ரிப்பேர் கடையிலயும் முடியாதுன்னுட்டாங்க."

"ஆன்டிவைரஸ் போடலிங்களா?"

"போட்டுத்தான் வெச்சிருந்தேன். தெறக்காத, தெறக்காதன்னு அது கத்திக்கினுதான் இருந்திச்சு. ஓசியில டிசைன் கெடைக்குதேன்னு நாந்தான் அத நிறுத்திட்டு அந்த ஃபைலத் தெறந்தேன்."

"அப்ப காசு குடுத்துடுவீங்களா?"

"மூஞ்சி காட்டாத திருடனுக்கா? எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேர்ந்து வரையப் போறேன். டிசைனத்தான பூட்டினான், என் கையயா பூட்டினான்?"

தியாகதுருகத்தில் பெட்டியோடு இறங்கிப் போனார். எத்தனை டிசைன் வரைந்து முடித்தாரோ, தெரியவில்லை. அந்தத் திருடன் மட்டும் பணம் வரும் என்று இன்னும் காத்துக்கொண்டிருப்பான்.