சாம்பல் நிறக் கோட்டு

மூன்றாவது பொத்தான் மட்டும் நிறம் தூக்கலாக இருந்தது. இன்னாசிராஜ் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். மற்ற இரண்டும் சாம்பல், இது கறுப்பை ஒட்டியது. பாலக்கரை முழுக்க அலைந்தும் ஜோடிப் பொத்தான் கிடைக்கவில்லை என்று சொல்லித்தான் தையற்காரர் மீரான் போன புதன்கிழமை அதை வைத்துத் தைத்திருந்தார்.

பெட்டிக்குள் கிடந்தவர் அவர் மனைவி ரோசரியின் சித்தப்பா செபஸ்தியான். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் உடம்பில் இருந்தது இன்னாசிராஜின் கோட்டு.

இன்னாசிராஜ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அழுகை வருகிறது என்று நினைத்து யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஒரு கிழவி அவர் தோளைத் தொட்டு, பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்றாள். எப்படி என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் கோட்டுப் போட்டுத் தாலி கட்டியவர்களைக் கோட்டுப் போட்டுத்தான் அடக்கம் செய்வார்கள். செபஸ்தியானின் கோட்டை அவர் மகன் கிளமென்ட் தன் கலியாணத்துக்கு வாங்கிப்போனவன் அப்படியே பம்பாய்க்குக் கொண்டுபோய்விட்டான். அவன் வந்து சேர இரண்டு நாள் ஆகும், அதுவரை உடம்பு தாங்காது. இதெல்லாம் இன்னாசிராஜுக்குத் தெரிந்ததுதான். தன் கோட்டு எப்படி இங்கே வந்தது என்பதுதான் தெரியவில்லை. காலை ஆறு மணிக்கு அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அது பீரோக் கதவில், மேலே பத்திரிகைத் தாள் மூடி, தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னாசிராஜுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினாறு வருஷமாகத் தென்னூரில் ஒரு டுடோரியலில் ஆங்கில வாத்தியார். பரீட்சையில் கோட்டை விட்டவர்கள்தான் அங்கே வருவார்கள். வருஷா வருஷம் மரபுத்தொடரில் ஐந்து மார்க் கேள்வி வரும். அதற்கென்று அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. உடுப்பைப் பற்றியும் மறுபடி தொடங்குவதைப் பற்றியும் இருந்த தொடர்களை அவர் ஒரே பாடமாகத் தொகுத்திருந்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொள் என்றால் வேலையில் இறங்கு. பெல்ட்டை இறுக்கு என்றால் செலவைக் குறை. சாக்ஸை இழுத்து விட்டுக்கொள் என்றால் இன்னும் முயற்சி செய். வகுப்பில் நாற்பத்தைந்து பேர், ஒருவர் காலிலும் சாக்ஸ் கிடையாது. வெள்ளைக்காரன் திருந்துவதற்குக்கூட ஒரு உடுப்பைத் தேடுகிறான் என்று அந்த இடத்தில் சொல்வார். பிள்ளைகள் சிரிப்பார்கள். பதினாறு வருஷமாக அதே இடத்தில்தான் சிரிக்கிறார்கள்.

நிரந்தர வேலைக்கு இதுவரை ஒன்பது இன்டர்வியூ போய் வந்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ரோசரி மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள், தெருவில் எல்லோரும் விசாரித்தார்கள், பிறகு விசாரிக்காமல் விட்டார்கள். பத்தாவது தில்லை நகரில் புதிதாகத் தொடங்கியிருந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். சேதி கொண்டுவந்தவர் ஸ்ரீரங்கத்திலிருந்து டுடோரியலுக்கு வரும் கணக்கு வாத்தியார் சடகோபன்.

“கோட்டு போட்டுண்டு போங்கோ சார்” என்றார் அவர். “அந்தக் கரஸ்பாண்டென்ட்டுக்கு ஆளைப் பார்க்கத் தெரியாது. உடுப்பைப் பார்க்கத்தான் தெரியும்.”

இந்தத் தடவை இன்னாசிராஜ் வீட்டில் மூச்சு விடவில்லை. கலியாணக் கோட்டை எடுத்துக்கொண்டு மீரானிடம் போனார். மீரான் இரண்டு பக்கமும் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியையெல்லாம் வெளியே விட்டு, வயிற்றுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். சலவை, இஸ்திரி. நாளைக் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ.

ரோசரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“மூணு வாரமா சித்தப்பா இழுத்துக்கிட்டு கெடந்தாரு. நீங்க கோட்டப் பிரிச்சுத் தச்சு இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருந்தீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா நான் அழுவேன்னுதானே? எனக்குத் தெரியாதா ஒங்கள.”

அதை அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். கிழவி தோளைத் தொட்டதற்குக் காரணம் அதுதான்.

இன்னாசிராஜ் சுற்றிலும் பார்த்தார். அடக்கம் ஐந்து மணிக்கு. மணி நாலே கால். மூடி போடும் சமயம் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கழற்றிக்கொள்ள முடியாதா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது, ஆனால் போகவில்லை. சவப்பெட்டி கொண்டுவந்த தங்கையன்தான் உடுத்தியும் விட்டிருந்தான். அவனை ஓரமாகக் கூப்பிட்டு, கை விறைத்திருக்குமே, எப்படி மாட்டினாய் என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்.

“காலர்லேர்ந்து அடி வரைக்கும் முதுகுல கத்திரி விட்டுட்டேன் சார். ரெண்டு பக்கமும் சொருவி விட்டாச்சு. முன்னாடி பாத்தா தெரியுதா? தெரியாது.”

தெரியவில்லை. உண்மையில் நன்றாகவே பொருந்தியிருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பும்போது இருவரும் மற்றவர்களுக்குப் பின்னால் நடந்தார்கள். மார்சிங்பேட்டை திருப்பத்தில் அவர் சொல்லிவிட்டார், நாளைக்கு ஒரு இன்டர்வியூ இருந்தது என்று. இருந்தது என்றுதான் வாயில் வந்தது.

ரோசரி நின்றாள். அவள் முகத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப சித்தப்பாவுக்காக இல்லையா?”

“இல்ல.”

“சொல்லியிருக்கலாமே.”

“பத்தாவது தடவையும் சொல்லணுமா?”

அவள் மறுபடி நடந்தாள். யாரிடமாவது வேறு கோட்டு கேட்டுப் பார்க்கலாமா என்றாள். யாரிடம் என்றார். அவளுக்கும் தெரியவில்லை. வீட்டு வாசலில் சாவியை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

“நான் சொன்னத யார்கிட்டயும் மாத்திச் சொல்லமாட்டேங்க. நீங்களும் சொல்லாதீங்க.”

மறுநாள் அவர் வெள்ளை முழுக்கைச் சட்டையும் டையும் போட்டுக்கொண்டு தில்லை நகருக்குப் பஸ்ஸில் போனார். பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் கோட்டு. பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். கரஸ்பாண்டென்ட் மரபுத்தொடர் மூன்று சொல்லச் சொன்னார். இன்னாசிராஜ் பதினொன்று சொன்னார். கோட்டு இல்லையா என்று கரஸ்பாண்டென்ட் கேட்டார். உறவினர் ஒருவருக்குக் கொடுத்திருப்பதாக இவர் சொன்னார். எப்போது திரும்ப வரும் என்று கேட்டார். வராது என்றார். கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டுத் தென்னூருக்கு நடந்தார். சாயங்காலம் ஆறு மணி வகுப்பில் பழைய மரபுத்தொடர்ப் பாடம் மீதி இருந்தது. துடைத்த சிலேட்டு என்பதை எழுதி, முன்னால் நடந்ததை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என்று பொருள் சொன்னார். பின்வரிசையில் எழுத்துத் தெரியவில்லை என்றார்கள். அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினார்.