பஞ்சாரத்தில் காய்ந்த கிளாரினெட்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி என்று நான் சொல்வதுண்டு. மூத்தவள் கறுப்பு, ஒல்லி, எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்தவள். அவருடைய கிளாரினெட்டைத்தான் சொல்கிறேன். எங்கோ ஒரு ஜமீன் பேண்டு கலைந்தபோது கைமாறி வந்த பழைய வாத்தியம். தென்காசியில் ஆறு பேர் சேர்ந்த பேண்டு செட்டில் அதை ஊதித்தான் அவர் பிழைத்தார். விடிந்ததும் அரை மணி நேரம் சாதகம் பண்ணுவார். நான் அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பாட்டும் தெரியாது, ராகமும் தெரியாது. ஆனால் குழம்பில் உப்புக் குறைந்தால் தெரிகிற மாதிரி, அதில் ஒன்று பிசகினால் தெரிந்துவிடும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், ஆடி மாதம். சாரல் பத்து நாளாக விடவில்லை. குற்றாலத்தில் சீசனுக்கு வந்திருந்த ஒரு மிராசுதாரின் பங்களாவில் ஊதிவிட்டு, நனைந்த பெட்டியோடு வந்தார். கிளாரினெட்டின் மரம் ஊறிப்போய், அதன் ஒரு துண்டைக்கூடக் கழற்ற முடியவில்லை.

"காத்தாட அங்கன கெடக்கட்டும். நீ தொடாத" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

தொடாதே என்றால் தொடுவதுதானே என் குணம். சாரல் காலத்தில் எங்கள் பக்கம் துணி காயாது. சட்டியில் கங்கு அள்ளிப் போட்டு, மேலே கோழி மூடும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் துணியைப் பரப்புவோம். அன்றைக்கு அவர் வேட்டி அப்படித்தான் காய்ந்துகொண்டிருந்தது. வேட்டிக்கு ஆகிற வைத்தியம் மரத்துக்கு ஆகாதா என்று, கிளாரினெட்டையும் அதன் பக்கத்திலேயே பஞ்சாரத்தின்மேல் வைத்தேன். கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருவதற்குள் விரிசல் விழுந்துவிட்டது. ஊதுவாய்க்கும் உடலுக்கும் நடுவே நாலு விரல் நீளத்தில் ஒரு துண்டு இருக்கும். பேரல் என்பார்கள். அது நீளவாக்கில் பிளந்திருந்தது. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். ஊரெல்லாம் வாயாடி என்று பெயரெடுத்தவளுக்கு அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் எடுத்து ஊதினார். காற்றுதான் வந்தது. விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"எண்ணெ போடாம விட்டுட்டேன். என் தப்புதான்" என்றார்.

நான்கு நாள் அரை வயிறுதான் சாப்பிட்டார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் குற்றாலத்தில் ஒரு கல்யாணம் இருந்தது. அதற்குள் சரியாகாவிட்டால் சுரண்டையிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடுவோம் என்று செட்டுக்காரர் சொல்லிவிட்டார். வருகிறவன் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருப்பானா? செய்தது நான்தான் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

யுத்தத்தால் சீமைச் சாமான் எதுவும் வருவதில்லை. தென்காசிக் கடைத்தெருவில் ஆர்மோனியம் பழுது பார்க்கும் ராவுத்தர் ஒருவரிடம் பழைய வாத்தியங்களின் துண்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. என் வீட்டுக்காரர் அவரிடம் புறப்பட்டபோது, "நீயும் வா" என்று என்னைக் கூப்பிட்டார். வாத்திய வேலைக்கு என்னை அழைத்துப்போனது அதுதான் முதல் தடவை.

ராவுத்தர் பிளந்த துண்டைக் கையில் வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"மருமவனே, இது எண்ணெ காணாத வெடிப்பு இல்ல. சூடு பட்டிருக்கு. அடுப்புப் பக்கம் வச்சியளோ?"

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா மாமா. காயட்டும்னு நான்தான் வச்சேன்."

"இத்தன வருசமா ஊதுதிய. சின்னப்பிள்ளகூட இப்படிச் செய்யாதே" என்று ராவுத்தர் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தலைகுனிந்து நின்றார். அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே பெருமை வாத்தியத்தைப் பேணுகிற பெருமைதான். அதையும் எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அவுக இல்ல. நான்தான் பஞ்சாரத்துல வச்சேன்" என்றேன்.

ராவுத்தர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பழைய துண்டுகள் இருந்த பெட்டியைக் கவிழ்த்தார்.

கிடந்தவற்றில் மூன்றுதான் பொருந்தின. ராவுத்தர் ஆர்மோனியத்தில் சுருதியை அழுத்திப் பிடிக்க, என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக மாட்டி ஊதினார். முதலாவது பளபளவென்று பூண் போட்டது, நீளம் கம்மி. சத்தம் எடுப்பாக இருந்தது. சுருதி மட்டும் மேலே ஏறி நின்றது. இரண்டாவது நீளம் கூடி, நடுச்சுரமெல்லாம் தொய்ந்தது. மூன்றாவது நிறம் வெளுத்த கிழட்டுத் துண்டு. தொளதொளவென்று ஆடியது. மெழுகு நூலை நாலு சுற்றுச் சுற்றியதும் அமர்ந்தது.

"மொதலாவத எடுத்துக்கிடும். ஊர்வலத்துக்கு அதான் எடுப்பு. கொஞ்சம் வெளிய இழுத்து வச்சா சுருதி சேந்துரும்" என்றார் ராவுத்தர்.

என் வீட்டுக்காரருக்கும் அதில்தான் ஆசை, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் என்னைப் பார்த்தார். "ஏட்டி, நீ சொல்லு."

"எனக்கு என்ன தெரியும்?"

"நீதான தெனமும் கேக்குத."

அவரைத் திரும்ப ஊதச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். தினமும் சாதகத்தில், கீழே இருந்து மேலே ஏறுகிற ஓர் இடத்தில் அவருக்கு ஒரு சின்ன இடறல் வரும். அந்த இடம் வந்தால் என் கையும் தோசைக் கரண்டியோடு நின்றுவிடும். முதலாவதில் அந்த இடறல் கூடியிருந்தது. மூன்றாவதில் எப்போது தாண்டினார் என்றே தெரியவில்லை.

"மூணாவதுதான். அதுல மட்டும் நீங்க நடுவுல தவிக்கல."

ராவுத்தர் நம்பாமல் மறுபடி மூன்றையும் ஊதவைத்தார். கடைசியில், "மவ சொல்லுததுதான் சரி" என்றார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "ஒங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"மொத மூச்சுலயே பொகை வாடை. கோழி வாடையும்தான்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. அத என்னால பாக்க முடியாது."

கடைத்தெரு என்றும் பாராமல் அழுதேன். அவர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

ஆவணிக் கல்யாணத்தில் அவர்தான் ஊதினார். சுரண்டை ஆளுக்கு வேலையில்லாமல் போயிற்று. அப்படியும் நான் அந்த வாத்தியத்தின் பக்கமே போகவில்லை. பெருக்கும்போதுகூட அது இருக்கும் மூலையை விட்டுவிடுவேன்.

மறு வருஷம் சாரல் காலத்தில் ஒரு நாள், தொப்பலாக நனைந்து வந்தார். தலை துவட்டத் துண்டை நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, கிளாரினெட் பெட்டியை என் கையில் வைத்தார்.

"காய வச்சிரு" என்று சொல்லிவிட்டு வேட்டி மாற்ற உள்ளே போனார். எப்படி வைக்கிறேன் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.