எட்டு பழைய கார்களும் ஆரணியில் ஒரு நிச்சயதார்த்தமும்

திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், ஆரணி வழியாகப் பழவேற்காடு வரை பழைய கார்களில் வரிசையாகப் போய்வர இப்போதும் ஆட்கள் கிளம்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் அப்படிப் போனது ஒரே ஒரு தடவை. எழுபதுகள் முடிகிற சமயம், தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர் சுற்றப் போகவில்லை. என் தங்கை மல்லிகாவுக்கு ஆரணியில், எங்கள் அம்மா வீட்டில், நிச்சயதார்த்தம்.

எங்கள் அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் தம்பி கிடையாது, தாய்மாமனும் கிடையாது. வீட்டுக்கு ஆம்பளை என்றால் மூத்த மாப்பிள்ளையான என் வீட்டுக்காரர்தான். மல்லிகாவுக்கு முன்னால் வந்த ஒரு சம்பந்தம், பேச ஒரு ஆம்பளை இல்லாத வீடு என்று சொல்லியே கைவிட்டுப் போனது. அந்தக் குடும்பத்தில் இன்றுவரை நான் கை நனைத்ததில்லை. இந்தத் தடவை வந்த பையன் கும்மிடிப்பூண்டியில் புதிதாகத் தொடங்கிய ஒரு ஆலையில் பிட்டர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இரண்டாவது ஷிப்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். பன்னிரண்டுக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் தட்டு மாற்றிவிட்டால் பையன் சாப்பிட்டு பஸ் பிடித்துவிடலாம். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தட்டு எடுத்துக் கொடுக்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். இதுதான் விஷயம்.

என் வீட்டுக்காரர் நெல் மில்லில் மேனேஜர். மில் முதலாளி புது கார் வாங்கியபோது தன் பழைய மோரிஸ் மைனரை இவர் தலையில் கட்டினார். அன்றிலிருந்து பிடித்தது சனி. மதராஸில் வெள்ளைக்காரன் காலத்துக் கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு கிளப் நடத்தினார்கள். இவர் அதில் போய் ஒட்டிக்கொண்டார். மாதம் ஒரு ஞாயிறு எல்லா வண்டியும் சேர்ந்து எங்கேயாவது போகும், மரத்தடியில் சாப்பிடும், திரும்பும். புதிதாகச் சேர்கிறவர் மூன்று தடவை ஒரு விதியும் மீறாமல் கூடப் போனால் வண்டியின் முகப்பில் மாட்ட ஒரு பித்தளை பேட்ஜ் கொடுப்பார்கள். இவருக்கு அது மூன்றாவது தடவை.

பழவேற்காட்டுக்கு ஆரணி வழியாகத்தான் போகிறார்கள், நாமும் காரிலேயே போய் இறங்கினால் மாப்பிள்ளை வீட்டில் நம் மதிப்பு எங்கேயோ போய்விடும் என்றார். நானும் நம்பினேன். திருவள்ளூரிலிருந்து ஆரணி இருபது மைலுக்குக் கொஞ்சம் மேலே. மாட்டு வண்டியில் கிளம்பினால்கூட எமகண்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று நினைத்தேன். உண்மையிலேயே மாட்டு வண்டியில் போயிருந்தால் போயிருக்கலாம்.

காலை ஏழரைக்கு வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தருகே கூடுவதாகப் பேச்சு. கிளம்பும்போது மணி எட்டே முக்கால். மதராஸிலிருந்து வந்தவர்கள் ஒருவர் வண்டியை ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். போன மாதம்தான் பார்த்தார்கள், அதே வண்டிதான், அதே நான்கு சக்கரம்தான். ஒன்றும் கெடாத வண்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறு பேர் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டுவதை நான் அங்கேதான் முதல் முதலாகக் கண்டேன். எங்கள் ஊரில் எழவு வீட்டில்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

இப்போது அந்த விதியைச் சொல்ல வேண்டும். வயதான வண்டிதான் முன்னால் போக வேண்டும். அதற்கடுத்த வயது அதற்குப் பின்னால். யாரும் யாரையும் தாண்டக் கூடாது. ஒன்று நின்றால் எல்லாம் நிற்க வேண்டும். முதல் வண்டி கிளப் பிரெசிடென்டின் ஆஸ்டின். அவர் பேரை எழுத மாட்டேன், எழுதினால் அவருக்குப் பெருமை. மேல்மூடி இல்லாத குட்டி வண்டி அது. அதைக் குழந்தையைப் போல மெதுவாக நடத்திக்கொண்டு போனார். எட்டு வண்டியில் வயது குறைந்தது எங்களுடையது. அதனால் கடைசி. ஏழு வண்டியின் புழுதியும் என் அரக்குப் பட்டுப்புடவை மேல்.

தாமரைப்பாக்கம் கூட்டு ரோட்டில் முதல் நிறுத்தம். நாஷ்டா. டீக்கடை எதிரிலேயே இருக்கிறது. ஆனால் இவர்கள் மடக்கு மேஜை விரித்து, துணி போட்டு, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார்கள். டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார். பால்கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், பால் ஊற்றிவிட்டு, காலி கேனோடு எதிரே திரும்பியும் போய்விட்டார். நான் தட்டுச் சாமான் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் படித்தது அஞ்சாம் கிளாஸ்தான். ஆனால் கடிகாரம் பார்க்கத் தெரியும்.

வெங்கல் வரும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது. அங்கே ஏரியைப் பார்த்ததும் முன் வண்டி நின்றது. அதன் பின்னால் ஆறும் நின்றன. நாங்களும் நின்றோம். மறுபடி மூடிகள் திறந்தன.

"இன்னாங்க, ஹார்ன் அட்ச்சிட்டு தாண்டிப் போங்க. நேரமாவுது" என்றேன்.

"அதெல்லாம் கூடாது மே. வயசான வண்டி முன்னால போவணும்."

"வண்டிக்கு வயசாவுது சரி. என் தங்கச்சிக்கு ஆவலியா?"

"இன்னிக்கி பேட்ஜ் குடுக்கறாங்கோ. பேஜாரு பண்ணாம வா."

நான் இறங்கி நேராகப் பிரெசிடென்டிடமே போனேன். இப்படி இப்படி விஷயம், எங்கள் வண்டியை மட்டும் முன்னால் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். மனிதர் தொப்பியைக் கழற்றி மரியாதையாகத்தான் பேசினார். கவலைப்பட வேண்டாம், கிளப் மொத்தமும் வந்து உங்கள் தங்கையை ஆசீர்வாதம் செய்யும் என்றார். அப்புறம் ஏரியில் நீந்துகிற பறவைக்கு என்ன பேர் என்று என்னையே கேட்டார். என்ன பேராக இருந்தால் எனக்கு என்ன?

அப்போதுதான் பின்னால் பெரியபாளையம் பஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, அம்மன் கோயில் கூட்டம், படிக்கட்டு வரைக்கும் ஆள். கையைக் காட்டி நிறுத்தினேன். இரண்டு பையையும் ஏற்றிவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்தார். நின்றிருக்கிற வண்டியில் அப்படி என்ன ரோட்டைப் பார்ப்பதோ. வருகிறீர்களா என்று நான் கேட்கவில்லை, ஏறிக்கொண்டேன்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "இன்னாக்கா, கல்யாண ஊர்கோலமா அது?" என்றார்.

"கல்யாணத்தை நிறுத்தப் போற ஊர்கோலம். நீ விசிலை ஊது நைனா" என்றேன். பஸ் எட்டு வண்டியையும் ஒரே மூச்சில் தாண்டியது.

பெரியபாளையத்தில் இறங்கும்போதே கோயில் வாசலில் வேப்பிலையும் கோழியுமாக ஜனம். அம்மனுக்கு வாசலில் நின்றே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜட்கா பிடித்தேன். அங்கிருந்து ஆரணி மூன்று நான்கு மைல்தான். ஆனால் ஜட்காக்காரர் பட்டுப்புடவையைப் பார்த்து இரண்டு மடங்கு கேட்டார். கொடுத்தேன். திரும்பி வரும்போது அவரைத் தேடிப் பிடித்துத் திட்டினேன், அது வேறு கதை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டுக்குக் கால் மணி குறைவு. மாப்பிள்ளையின் அப்பாவும் மற்றவர்களும் உட்கார்ந்திருக்க, அந்த வீட்டின் மூத்தவரான பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அம்மா ஒரு மூலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தாலி இழந்தவள் தட்டைத் தொட முடியாது. மல்லிகா அறைக்குள் தலை நிறையப் பூவோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பைகளைப் பிரித்து வெற்றிலை, பாக்கு, பழம், புடவை எல்லாம் தட்டில் அடுக்கினேன். பெரியப்பா என் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"உன் ஊட்டுக்காரர் எங்கம்மா?"

வந்துகொண்டிருக்கிறார் என்றேன். எப்போது வருவார் என்றார். பிரெசிடென்டுக்கு அடுத்து எந்தப் பறவை கண்ணில் படும் என்று யாருக்குத் தெரியும்? ஆம்பளை இல்லாமல் எப்படித் தட்டு மாற்றுவது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் செருப்பை நோக்கி நடந்தார். இன்னொரு நாள் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே ஒரு தடவை கேட்ட வார்த்தைதான் அது.

மாப்பிள்ளையின் அம்மா பெண்களோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். கவரைப்பேட்டைப் பக்கம் சொந்த நிலத்தில் நாற்று நட்ட கை. பாயைவிட்டு எழுந்து வந்து என் எதிரே நின்றாள்.

"அவுரு வர்ற வரைக்கும் குந்திக்கினு இருந்தா எம்புள்ள ஷிப்டுக்கு உங்க மாமனா போவாரு? குடு மே தட்டை."

பெரியப்பா ஊரில் என்ன பேசுவார்கள் என்றார்.

"தட்டுல இருக்கறது வெத்தலை பாக்கு. மீசை இல்லாதவ தூக்குனா வாடிப்பூடுமா?"

நான் தட்டை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு தன் தட்டை என் கையில் வைத்தாள். அம்மா உள்ளே ஓடிப்போய் மல்லிகாவைக் கட்டிக்கொண்டாள். பையன் இரண்டே வாய் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

எட்டு கார்களும் வயது வரிசை தவறாமல் ஒன்றேகால் மணிக்கு வந்து நின்றன. தெரு முழுக்க ஜனம் கூடிவிட்டது. தட்டு மாற்றியதை எல்லோரும் மறந்தே போனார்கள். அதே பெரியப்பா பிரெசிடென்டை நடுக்கூடத்தில் உட்காரவைத்து மாலை போட்டார். அங்கேயே எல்லோர் முன்னாலும் என் வீட்டுக்காரருக்குப் பேட்ஜ் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். பிரெசிடென்ட் காமிரா கொண்டு வந்திருந்தார். ஒரு படம் எடுக்கலாம், தட்டைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் பெரியப்பா மறு பக்கமுமாகத் தட்டைப் பிடித்துச் சிரித்தார்கள், பக்கத்தில் மல்லிகாவை நிறுத்தி. அதுவும் எமகண்டத்தில். நானும் சம்பந்தியம்மாவும் அப்போது சமையற்கட்டில், பதினேழு விருந்தாளிகளுக்குப் பாயசம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் படம்தான் பெரிதாகிக் கண்ணாடி போட்டு இன்றைக்கும் மல்லிகா வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பெரிய தாத்தா, அதாவது என் வீட்டுக்காரர், தட்டு மாற்றிய படம் என்று அவள் பேரப்பிள்ளைகள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள். சம்பந்தியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், என் வீட்டுக்காரரும் போய்விட்டார். நான் இருக்கிறேன். போன வாரம் மல்லிகாவுக்குப் போன் செய்து அந்தப் படத்தைக் கழற்று என்று சண்டை போட்டேன்.

"கிட்டக்க வந்து பாருக்கா. எல்லாரும் காமிராவைப் பாக்கறாங்கோ. நான் எங்க பாக்கறேன்னு பாரு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். கழுத்தைத் திருப்பி, சமையற்கட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள், வெங்கல் தாண்டி நிழல் குறைவு. ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், டீயை டீக்கடையிலேயே குடியுங்கள். நல்ல காரியத்துக்குப் போவதானால் கிளப்போடு போகாதீர்கள், பஸ்ஸில் போங்கள். போன இடத்தில் யாராவது காமிராவை எடுத்தால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து நடுவில் நில்லுங்கள்.