முதுகு டாக்டர்

மூச்சை அடக்கிக்கொண்டு, நகத்தளவு கண்ணாடித் துண்டின் பின்பக்கத்தில் ஊசியை இறக்குகிறார். கொஞ்சம் அழுத்தினாலும் கீறிவிடும். திரையில் எண் தெரியும்வரை அறையில் யாரும் இருமக்கூடக் கூடாது. பேட்டி எடுக்கப் போயிருந்த நான் ஒரு தும்மலை விழுங்கினேன்.

சோலார் பலகை செய்யும் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இவருக்கு ‘முதுகு டாக்டர்’ என்று பெயர். படிப்பென்னவோ டிப்ளமோதான். தலைமுடியைவிட மெல்லிய பூச்சில் வெயில் மின்சாரமாகிறது. அது வெளியேறும் வாசல், பின்பக்கத்து உலோகப் பூச்சு. பதினொரு வருடமாக அந்த வாசலோடுதான் மல்லுக்கட்டுகிறார். “முன்பக்கத்தைப் பாக்க ஊரே இருக்கு. பின்னாடி நான் ஒருத்திதான்.”

வீட்டிலும் இதே பித்து. டிவி ரிமோட் மக்கர் செய்தால் மகள் அதைத் தொடையில் தட்டுவாள். இவர் பின்மூடியைக் கழற்றி, பேட்டரி தொடும் கம்பிச் சுருளைச் சுரண்டுவார். பஸ் ஓட்டும் கணவர் அலுத்துக்கொள்கிறார்: “கல்யாணத்துக்கு எடுத்த சட்டையையே திருப்பித் தையலைப் பாத்தவங்க இவங்க!”

அந்த வாசலில் செம்பைத் துளி தடவினால் மின்சாரம் தடையில்லாமல் ஓடும். அளவு மீறினால், சூட்டில் அதுவே மெல்ல உள்ளே இறங்கிக் காரியத்தைக் கெடுக்கும். “வாசல்ல நில்லுன்னா அடுப்படிக்கே வந்து எட்டிப் பாக்கும் சார், இந்தச் செம்பு.”

தெரிந்தும், இந்த முறை சற்றுத் தாராளமாகவே பூசிவிட்டார். முதல் நாள் அளந்தபோது, விழுந்த ஒளியில் பதினேழு புள்ளி எட்டு சதவீதம் மின்சாரமானது. ஆய்வுக்கூடம் அதுவரை காணாத எண். அவருடைய செய்முறை ஒன்று முதன்முதலாகத் தொழிற்சாலைக்குப் போகப்போகிறது என்று எல்லோரும் கைகுலுக்கினார்கள். கூரையில் வெயில் காய்வதுபோல, அதே துண்டை ஆறு வாரம் சூட்டுப்பெட்டிக்குள் விளக்கொளியில் வாட்ட வேண்டும் என்று அடம்பிடித்ததும் அவரேதான். வேலியில் போகும் ஓணானை ஏன் மடியில் விட்டுக்கொள்கிறார் என்று சிரித்தார்களாம்.

நான் போன அன்றுதான் ஆறு வாரம் முடிந்திருந்தது. திரையில் எண் வந்தது: பதினான்கு புள்ளி ஒன்று. அவர் ஊசியைத் தூக்கி, துடைத்து, மறுபடி இறக்கினார். அதே எண்.

மேலாளர் தொழிற்சாலைக்கு அனுப்பும் படிவத்தோடு வந்தார். எண்ணுக்கு ஒரு கட்டம் காலியாக இருந்தது; எண் குறைந்தால் தொழிற்சாலை எடுக்காது. ‘செய்முறை’ என்பதற்கு எதிரே இவர் பெயர் அச்சாகியிருந்தது.

“முதல் நாள் நம்பரையே போட்டுடலாமே மேடம். எல்லாரும் அதத்தானே போடறாங்க?”

“வாங்கறவங்க மறுநாளே கழட்டி வெச்சிடுவாங்களா சார்?”

படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அச்சிலிருந்த தன் பெயரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டத்துக்குள் 14.1 என்று எழுதி, கீழே கையெழுத்தை முழுசாகப் போட்டார்.