மதாம் வீட்டுத் திரையில் கட்டிய ஊஞ்சல்

திரைச்சீலை வெளுப்பது வேட்டி வெளுப்பது போல அல்ல என்பது என் சித்தப்பாவின் கட்சி. வேட்டி கெட்டால் கட்டியவன் திட்டுவான், அதோடு போச்சு. திரை கெட்டால் வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்க, கூடத்தில் தொங்கிக்கொண்டே பல்லிளிக்கும் என்பார். உப்பளம் என்கிற பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லைதான் சலவைக்கூடம். கடற்கரைப் பக்கத்துப் பெரிய வீட்டுத் திரைகளெல்லாம் அங்கே வந்து குளித்துவிட்டுப் போகும். சாயம் நிற்குமா என்று ஓரத்தை நனைத்துப் பிழிந்து பார்க்க வேண்டும், வெயிலில் பின்பக்கம் தெரிய உலர்த்த வேண்டும், மடிப்புக்குள் தேள் இருக்கிறதா என்று முதலில் உதற வேண்டும். இதிலெல்லாம் சித்தப்பா புலி. தேள் பார்க்கும் வேலையை மட்டும் சித்திக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்.

சித்திக்கு ஒரு வழக்கம் உண்டு. திரையைக் கழற்றுவதற்கு முன்னால் கம்பியிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, திரை முடியும் இடத்தில் முடிச்சுப் போட்டு எடுத்து வருவாள். வெளுத்தபிறகு அந்த முடிச்சோடு ஒத்துப் பார்ப்பாள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷம் ஆகியும் ஊரைவிட்டுப் போகாத ஒரு மதாம் இருந்தார். வெள்ளைக்காரிதான், ஆனால் இங்கேயே வளர்ந்தவர். மீன்காரியிடம் தமிழில் பேரம் பேசுவார். பிரெஞ்சுக்காரர்களின் தேசத் திருநாளான ஜூலை பதினாலு விருந்துக்காக அவர் வீட்டுக் கூடத்துத் திரை எங்களிடம் வந்தது. நீலக்கோடு போட்ட கனத்த பருத்தி. உப்புக்காற்றில் அங்கங்கே கரும்புள்ளி விழுந்திருந்ததைப் பார்த்த சித்தப்பா, பழைய துணி, இனிச் சுருங்காது என்று முடிவுகட்டி வெள்ளாவியில் ஏற்றி அவித்துவிட்டார்.

விருந்தன்று காலையில் சித்தி கயிற்றை வைத்துப் பார்த்தாள். முடிச்சுக்கு ஒரு முழம் மேலேயே திரை நின்றுவிட்டது.

“கோடித் துணிங்க இது. இதுக்கு முன்ன தண்ணியே பாத்ததில்ல. தொட்டாலே தெரியுமே” என்றாள்.

மதாமின் தெருவில் ஒரு வீடு துணி போடுவதை நிறுத்தினால் மற்ற வீடுகளும் நிறுத்திவிடும். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்தத் தெருவை நம்பித்தான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு விளங்கியது. அன்றைக்கு விளங்கியதெல்லாம் சித்தப்பாவுக்குத் திடீரென்று நல்ல புத்தி வந்துவிட்டது என்பதுதான். திரையை மறுபடி நனைத்தார். மேல்விளிம்பில் ஒரு மூங்கிலைச் செருகி வேப்பங்கிளையில் கட்டினார். கீழ்விளிம்பிலும் ஒரு மூங்கிலைச் செருகினார். பிறகு வீட்டுப் பிள்ளைகளான எங்களைப் பார்த்து, “யாருக்குடா ஊஞ்சல் வேணும்?” என்றார்.

கொடியில் காயும் துணியை விரலால் தொட்டாலே முதுகில் விழும் வீடு அது. நாங்கள் நம்பாமல் நின்றோம். அவரே எங்கள் கால்களைக் கழுவிவிட்டு ஒவ்வொருவராகத் தூக்கிக் கீழ்மூங்கிலில் உட்கார வைத்தார். நான் பாவாடையை இடுக்கிக்கொண்டு நடுவில் இடம் பிடித்தேன்.

“குதிக்காதீங்க, கிழிஞ்சிடும். சும்மா கனமா உக்காருங்க” என்றார் சித்தப்பா.

கனமாக உட்காருவது எப்படி என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சித்தி ஆளுக்கொரு பொரிவிளங்காய் உருண்டை கொண்டுவந்து கொடுத்தாள். “தின்னுங்க, இன்னும் கொஞ்சம் கனம் ஏறட்டும்.” திரை காயக் காயச் சித்தப்பா தண்ணீர் தெளித்தார். எங்கள் மேலும் தெளித்தார். தீபாவளியன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சாயங்காலம் இஸ்திரிப் பெட்டி போட்டு எடுத்துக்கொண்டு போனோம். வளையங்களைப் பிடித்துக்கொள்ள என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். மாட்டிப் பார்த்தால் திரை தரையில் நாலு விரல் புரண்டது. நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே உழைத்துவிட்டோம். மதாம் மேலும் கீழும் பார்த்தார்.

“நீளமாயிடுச்சே?”

“கடல் காத்துக்குப் பருத்தி கொஞ்சம் எறங்கும், மதாம்” என்றார் சித்தப்பா.

எங்கள் உழைப்பைக் காற்றுக்குத் தூக்கிக் கொடுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. “காத்து இல்ல மதாம். நாங்கதான் ஊஞ்சல் கட்டி ஆடினோம். நான்தான் ரொம்ப நேரம் ஆடினேன்.”

“எதுல?”

நான் திரையைக் காட்டினேன். சித்தப்பாவின் முகம் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்துவிட்டது. மதாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வரவில்லை. நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டோம். சித்தப்பா சைக்கிளில் ஏறாமல் வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தார். சித்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு அன்று சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஒரு கைக்குட்டைகூட வரவில்லை. வேலை இல்லாத கொல்லையில் நாங்கள் பாட்டுக்கு ஓடிப் பிடித்து விளையாடினோம்.

ஒருநாள் காலையில் வாசலில் ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டி ஒன்று வந்து நின்றது. மூட்டை மூட்டையாகத் திரைகள். அவற்றின் உச்சியில் மதாமின் சின்னப் பெண் தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“விருந்து முடிஞ்ச கையோட அந்தத் தெருவே ஊருக்குப் போச்சு, மதாம் நேத்துதான் வந்தாங்க. வீட்ல இருக்கிற அத்தனையும் வெளுக்கணுமாம். ஊஞ்சல் கதையை மதாம் சொல்லிச் சிரிச்சதக் கேட்டு, பாப்பாவும் ஆடணும்னு ஒரே அடம்” என்றான் வண்டிக்காரன்.

அவள் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவச் சொல்லிச் சித்தப்பாவிடம் காலை நீட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் இருந்த என் இடம் போய்விடுமே. முறையிடலாம் என்று திரும்பினால், சித்தி கதவோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊஞ்சலில் பங்குக்கு ஆள் வந்துவிட்டதில் அவளுக்கும் என்னைப் போலவே வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்து, ஆறுதலாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.