தசரதன் கண்ணுக்கு நான் வெள்ளையடித்த கதை

1. நீலமான சட்டை

கம்ப்யூட்டரில் மஞ்சளைக் குறைத்ததும் சட்டை நீலமாகிவிட்டது. கன்னியம்மாவின் முகம் சாம்பலாகிவிட்டது. ஆனால் தசரதன் மட்டும் மஞ்சளாகவே இருந்தார். உத்திரமேரூரில் இருபத்தாறு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு ஒரு ஜோடி போட்டோ இப்படித் தண்ணி காட்டியது அன்றுதான்.

அவர்கள் திருப்புலிவனத்தில் விவசாயம் செய்யும் தம்பதி. புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முன் ஹாலில் மாட்ட ஒரு பெரிய போட்டோ வேண்டும் என்று வந்திருந்தார்கள். தசரதன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றார். எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் முகமெல்லாம் மஞ்சள்.

முதலில் லைட்டைத் திட்டினேன். பிறகு வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் கேமராவின் ஒயிட் பேலன்ஸைத் திட்டினேன். மஞ்சளைக் குறைக்கக் குறைக்க மற்றதெல்லாம் கெட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் முகத்தை மட்டும் தனியாக செலக்ட் செய்து மஞ்சளை இறக்கினேன். கண்ணின் வெள்ளைப் பகுதி எலுமிச்சைத் தோல் மாதிரி இருந்தது. அதையும் பெரிதாக்கிப் பளிச்சென்று வெள்ளையாக்கினேன்.

ஒரே லைட், ஒரே படம். பக்கத்தில் நிற்கும் மனைவி சரியாக இருக்க, ஒருவர் மட்டும் எப்படி மஞ்சளாவார்? யோசித்திருக்கலாம். நான்தான் பெரிய கெட்டிக்காரனாயிற்றே, யோசிக்கவில்லை. பிரேம் போட்டு வைத்துவிட்டேன்.

2. கேமரா சொன்ன சாட்சி

இரண்டு நாள் கழித்து வாங்க வந்தார்கள். கன்னியம்மா படத்தைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது? நேர்ல ஒரு மாதிரி கீறாரு, போட்டோல பளபளன்னு கீறாரு?"

"கேமரால ஏதோ கோளாறும்மா. முகம், கண்ணு எல்லாம் மஞ்சளா வந்துச்சு. நான்தான் சரி பண்ணேன்."

"கேமராவுக்கும் மஞ்சளா தெரிஞ்சிச்சா?" அவர் குரல் உயர்ந்தது. "பத்து நாளா இதத்தான் சொல்லிக்கினு கீறேன், ஆஸ்பத்திரிக்கு வான்னு. உன் கண்ணுலதான் கோளாறுன்னு என்னையே திருப்புறாரு!"

"வூட்டு வேல கீதுல்ல. கிரகப்பிரவேசம் முடியட்டும்" என்றார் தசரதன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கை வைக்காத படத்தைத் திறந்து, அவர் கண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினேன். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"ஒடம்பெல்லாம் அரிப்பு வேற கீது சார். ஒண்ணுக்கும் டீ கலர்லதான் போவுது" என்று மெல்ல ஒப்புக்கொண்டார்.

ஷட்டரை இறக்கிவிட்டு நானே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா விளக்கினார்.

"கல்லீரல்ல இருந்து பித்தம் இறங்கற குழாய்ல கல் அடைச்சிருக்கு. போக வழி இல்லாத பித்தம் ரத்தத்துல சேர்ந்து, கண்லயும் தோல்லயும் மஞ்சளா தெரியுது. இன்னும் தள்ளிப்போட்டா சீழ் பிடிச்சு உயிருக்கே ஆபத்தாயிடும்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். கன்னியம்மா மட்டும் அன்று வாயை மூடிக்கொண்டு பிரேமை வாங்கிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நிறம் தப்பாகத் தெரிந்தால் மவுஸைத் தொடும் முன், ஆளை வெயில் வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணைப் பாருங்கள்.

3. மறுபடியும் ஜோடி

கிரகப்பிரவேசம் தள்ளிப்போனது. புதிதாகக் குறித்த தேதிக்கு நாலு நாள் முன்பு இருவரும் மறுபடியும் வந்தார்கள். இம்முறை தசரதன் சிரித்துக்கொண்டே நின்றார். எடுத்து முடித்து, எல்லோருக்கும் செய்வது போல அவரையும் கொஞ்சம் சிவப்பாக்கலாம் என்று பழக்கதோஷத்தில் கையைக் கொண்டுபோனேன்.

"சார், கைய எடு!" என்று ஸ்டுடியோ அதிரக் கத்தினார். "ஆஸ்பத்திரில படுத்துக்கினு கெடந்து என் கருப்பத் திரும்ப வாங்கினு வந்துகீறேன். அதுல ஒரு பொட்டு கொறஞ்சாலும் வூட்டுல மாட்ட மாட்டேன்."

கன்னியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஒன்றையும் தொடாமல் அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். என் ஸ்டுடியோவில் அவ்வளவு அழகான கருப்பு அதற்கு முன் பிரிண்ட் ஆனதில்லை.